பிறவி முடமா, பட்ட முடமா?

எங்கே அடிபட்டாலும் நாய்க்குக் காலில்தான் முடம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தெருவில் நொண்டிச் செல்லும் நாயைக் காணும்போதெல்லாம் இப்பழமொழி நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதற்குள் ஒரு முன்முடிவு மறைந்திருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாய் நொண்டுகிறது என்றால் அதற்கு எங்கோ அடிபட்டிருக்க வேண்டும் என்று பழமொழி எடுத்துக்கொள்கிறது. எவரும் அடிக்காமல், எங்கும் விழாமல், பிறப்பிலேயே கொண்டுவந்த குறையால் ஒரு நாய் நொண்டக்கூடும் என்பதற்கு அதில் இடமில்லை. பழமொழி பிறந்த காலத்துத் தெருநாய்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். கல்லெறிக்கும் தடியடிக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் முழுவதும் தப்பிய தெருநாய் எது?

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் போன்ற ஊர்களின் வீடுகளில் வெள்ளை வெளேரென்ற சடைமுடியோடு குட்டை நாய்கள் வளர்கின்றன. அவற்றுள் சில, ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால் ஒன்றைத் திடீரெனத் தூக்கிக்கொண்டு மூன்று கால்களால் நான்கைந்து எட்டு வைக்கும். பிறகு அந்தக் காலை ஒருமுறை பின்னுக்கு உதறி நீட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ஓடும். வீட்டார் முதலில் அதை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். சில மாதங்களில் அந்தத் தூக்கல் அடிக்கடி நிகழும்போது கவலை பிறக்கிறது. கவலையோடு ஒரு கேள்வியும் பிறக்கிறது: இது பிறவியிலேயே வந்ததா, அடிபட்டதால் வந்ததா?

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஆயினும் இதனுள் அறம் சார்ந்த கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஓர் உயிரின் குறைக்குக் காரணம் பிறப்பா, பட்ட அடியா என்று நாம் ஏன் கேட்கிறோம்? விடை கிடைத்தபின் அதைக்கொண்டு என்ன செய்கிறோம்?

முதலில் அந்த முழங்காலையே பார்ப்போம். நாயின் பின்னங்காலில் பின்புறமாகக் கூர்ந்து நிற்கும் மூட்டையே பலரும் முழங்கால் என்று எண்ணுகிறோம். அது உண்மையில் நம் கணுக்காலுக்கு நிகரானது. நாயின் முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, நம் முழங்காலைப் போலவே முன்நோக்கி அமைந்திருக்கிறது. அங்கே ஒரு சிறு எலும்புச் சில்லு உண்டு. தொடைத் தசையின் நாணில் பதிந்திருக்கும் அச்சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளலாம். சக்கரத்தின் விளிம்பில் பள்ளம் ஆழமாக இருக்கும்வரை கயிறு நழுவுவதில்லை. பள்ளம் மேலோட்டமாக இருந்தாலோ, சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருந்தாலோ கயிறு பக்கவாட்டில் விலகிச் சிக்கிக்கொள்ளும். சில்லு அவ்வாறு பள்ளத்தைவிட்டு விலகும்போதுதான் நாய் காலைத் தூக்கிக்கொள்கிறது. காலை உதறி நீட்டும்போது அது மீண்டும் பள்ளத்துக்குள் வந்து அமர்கிறது.

கால்நடை மருத்துவர்கள் இவ்விலகலை நான்கு படிகளாகப் பிரிப்பர். முதற்படியில் கையால் தள்ளினால் மட்டுமே சில்லு விலகும், விட்டவுடன் திரும்பிவிடும். இரண்டாம் படியில் அது தானாகவே அவ்வப்போது விலகி, தானாகவே திரும்பும். மூன்றாம் படியில் பெரும்பாலும் விலகியே இருக்கும். கையால் பொருத்தினாலும் மீண்டும் நழுவும். நான்காம் படியில் அதைப் பொருத்தவே இயலாது; கால் எலும்புகளே திருகி வளைந்திருக்கும்.

பிறவிக் குறையையும் அடிபட்ட குறையையும் பிரித்தறியச் சில குறிகள் உள்ளன. பிறவிக் குறை பெரும்பாலும் குட்டைச் சாதி நாய்களில், வளரும் பருவத்திலேயே தலைகாட்டும். பல நாய்களில் இரு கால்களிலும் இருக்கும். சில்லு பெரும்பாலும் காலின் உட்புறம் நோக்கியே விலகும். தொடக்கத்தில் வலி குறைவு, வீக்கமும் இராது. அடியால் நேர்ந்தது அப்படியன்று. நேற்றுவரை நன்றாக ஓடிய நாய் இன்று காலை ஊன்ற மறுக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கடும் வலியும் இருக்கும். சில்லை இருபுறமும் பிடித்து நிறுத்தும் உறைகள் கிழிந்திருக்கும். பள்ளமோ போதிய ஆழத்தோடு இருக்கும். ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால் எலும்பின் அமைப்பு பிறவியிலிருந்தே கோணலானதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மேலோட்டமான பள்ளத்தோடு பிறந்த ஒரு நாய் கட்டிலிலிருந்து குதிக்கிறது; அன்றுதான் சில்லு முதன்முதலாக விலகுகிறது. இது பிறவியா, விபத்தா? அதே கட்டிலிலிருந்து குதித்த வேறு நாய்க்கு ஒன்றும் நேரவில்லை. அதனால் பிறவி எனலாம். குதிக்காமல் இருந்திருந்தால் இந்நாய்க்கும் நேர்ந்திராது. அதனால் விபத்து எனலாம். இயற்கை நம் வசதிக்காக இரண்டு தனித்தனிப் பெட்டிகளைச் செய்து வைக்கவில்லை.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. அந்தப் பள்ளம் பிறக்கும்போதே முழு ஆழத்தோடு அமைந்துவிடுவதில்லை. குட்டி வளரும் மாதங்களில், சில்லு அதற்குள் ஓடி ஓடி அழுத்துவதால்தான் பள்ளம் ஆழப்படுகிறது. சில்லு தன் இடத்தில் இல்லாமல் போனால் பள்ளம் ஆழப்படுவதில்லை. பள்ளம் ஆழப்படாததால் சில்லு மேலும் நழுவுகிறது. ஆக, பிறவிக் குறை என்று நாம் சொல்வதிலும் பெரும்பகுதி பிறந்தபின் மெல்ல மெல்ல உருவாவதே. மரபு ஒரு சாய்வைத் தருகிறது. வளர்ச்சி அச்சாய்வை நிலைநிறுத்துகிறது.

இனி, இக்கேள்வியைக் கேட்பவர்கள் யார் யார் என்று பார்ப்போம். குட்டியை விலைக்கு வாங்கியவர், "பிறவிக் குறை" என்ற விடையை விரும்புகிறார். அப்படியானால் விற்றவர் பொறுப்பு. பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விற்றவர், "அடிபட்டிருக்கும்" என்ற விடையை விரும்புகிறார். அப்படியானால் வாங்கியவர் பொறுப்பு. குட்டியைக் கீழே போட்டிருப்பார், பிள்ளைகள் காலைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இருவரும் கேட்பது ஒரே கேள்விதான். இருவரும் தேடுவது தாம் விடுபடும் வழியைத்தான். நடுவில் நாய் மூன்று கால்களில் நிற்கிறது.

மூன்றாமவர் ஒருவரும் அதே கேள்வியைக் கேட்கிறார்: மருத்துவர். அவர் கேட்பது வேறு நோக்கத்தோடு. கிழிந்த உறையைத் தைப்பதா, பள்ளத்தை ஆழப்படுத்தி, நாண் பொருந்தும் எலும்பு முனையை இடம் மாற்றிப் பொருத்துவதா, அறுவை இன்றி எடையைக் குறைத்துக் கவனித்தால் போதுமா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். இந்நாயை இனப்பெருக்கத்துக்கு விடலாமா என்றும் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் இவற்றுள் எதையும் செய்ய இயலாது. எனவே காரணத்தைத் தேடுவது தவறு என்று நாம் சொல்ல முடியாது. அதைத் தேடுவது கடமையும்கூட. விடை கிடைத்தபின் செயலில் இறங்குகிறோமா, அந்த விடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோமா என்பதில்தான் அறம் இருக்கிறது.

"பிறவி" என்ற சொல் ஒளிந்துகொள்ள மிகவும் வசதியானது. அடி என்றால் அடித்தவன் ஒருவன் இருக்க வேண்டும், விசாரணை வரும். பிறவி என்றால் அது இயற்கை, தலைவிதி, ஆண்டவன் விட்ட வழி என்று கையைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குட்டை நாயின் பிறவி எங்கிருந்து வந்தது? பொமரேனியன் நாய்களின் முன்னோர் வடநாட்டுக் குளிரில் வேலை செய்த பெரிய நாய்கள். இங்கிலாந்தின் விக்டோரியா அரசியார் 1888-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து கொண்டுவந்த மார்க்கோ என்ற நாயின் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். அரசியாரின் விருப்பம் நாட்டின் விருப்பமாயிற்று. சிறியதே அழகு என்று தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததில், இன்று அவ்வினத்துக்கு வகுக்கப்பட்ட எடை ஏறக்குறைய 2 முதல் 3 கிலோகிராமே. நம் ஊர்களில் பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ் எனப்படும் சற்றுப் பெரிய வகை என்றாலும் கதை ஒன்றுதான். கண்ணுக்கு அழகானதை நாம் தேர்ந்தோம்; கண்ணுக்குத் தெரியாத முழங்காலைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

இது அயல்நாட்டார் செய்த பிழை மட்டுமன்று. நம் தென்பாண்டிச் சீமையின் பெருமையாகிய இராசபாளையம் நாய் 2005-இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றது. அதன் தூய வெண்ணிறத்துக்காகவே அதனை விரும்புகிறோம். அந்த வெண்ணிறத்தோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்தே வருகிறது. வெண்மையைத் தேர்ந்தவர்கள் செவிட்டை விரும்பவில்லை. ஆயினும் ஒன்றைத் தேர்ந்தபோது மற்றதும் கூடவே வந்தது.

ஆகவே நாயின் பிறவிக் குறையை வெறும் இயற்கை என்று சொல்லிவிட முடியாது. எறிந்த கல் ஒரு நொடியில் சென்று படுகிறது. தவறான தேர்வு பல தலைமுறைகள் கடந்து சென்று படுகிறது. இரண்டையும் எறிந்த கை மனிதக் கைதான். பிறவி என்பதும், நீண்ட காலமாக மெல்ல விழுந்துகொண்டிருந்த ஓர் அடியே.

கல்வராயன் மலைமேல் ஏறினால் வேறு காட்சி. கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் உள்ள நாட்டு நாய்கள் நெடுங்கால்களும் ஒடுங்கிய வயிறும் கொண்டவை. ஆடு மேய்ப்பவரோடு நாளெல்லாம் நடக்கும். மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி புகாமல் இரவெல்லாம் காக்கும். அவற்றின் இணையை எவரும் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட முடியாதது நிலைத்திராது என்ற கடுமையான விதியே அவற்றின் முழங்காலைக் காத்து வந்திருக்கிறது. அங்கே ஒரு நாய் நொண்டினால், பழமொழி சொல்வதுபோல் அடியாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்: பன்றிக்கு வைத்த கண்ணி, மலைப்பாதை வளைவில் வந்த வண்டி, வழிப்போக்கர் எறிந்த கல்.

மலையைப் பற்றிப் பேசும்போது மனம் இன்னொன்றை எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயர நாட்களில் பலருடைய விரல் மலையை நோக்கி நீண்டது. மலைக்காரர்கள் பிறவியிலேயே சாராயம் காய்ச்சுகிறவர்கள் என்று கூசாமல் பேசியவர்கள் உண்டு. மலைவாழ் மக்களை விலங்குகளோடு இங்கே ஒப்பிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். ஒப்பிடப்படுவது நம் நாக்கின் பழக்கம். நாயின் காலைப் பார்த்துப் பிறவி என்று சொல்லி நகர்வதற்குப் பழகிய அதே நாக்கு, மனிதரைப் பார்த்தும் அதையே சொல்கிறது. அம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. அரசு அதனை நேரடியாக ஏற்றுக்கொண்டது 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாலையும் பள்ளியும் வேலையும் தாமதமாகச் சென்ற இடத்தில் உண்டான காயங்களைப் பிறவிக் குணம் என்று பெயரிட்டால், காயப்படுத்தியவர் யார் என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

நம் ஆண்டவரிடமும் இக்கேள்வி கொண்டுவரப்பட்டது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதாக யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது. இரண்டும் அல்ல என்று மறுத்த இயேசு, கடவுளின் செயல் அவரில் வெளிப்பட வேண்டும் என்றார். அத்தோடு நில்லாமல் உமிழ்நீரால் சேறு உண்டாக்கி அவர் கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் கழுவிவர அனுப்பினார். சீடர்கள் பின்னோக்கிப் பார்த்தார்கள். ஆண்டவரோ குனிந்து மண்ணைக் குழைத்தார்.

அதே சிலோவாமின் பெயர் லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். இது பிறவியன்று, விபத்து. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு தாமே கேட்டு, இல்லை என்று தாமே விடையும் தந்தார். பின்பு கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, நீங்கள் மனம் மாறுங்கள் என்றார். ஒரே இடப்பெயரோடு இணைந்த இரு துன்பங்கள்: ஒன்று பிறப்பால் வந்தது, மற்றது இடிபாட்டால் வந்தது. இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்மீது பழி சுமத்த அவர் இடம் தரவில்லை. முதலாவதில் செய்ய வேண்டிய வேலையைக் காட்டினார். இரண்டாவதில் மாற வேண்டிய மனத்தைக் காட்டினார்.

பார்வை பெற்றவரின் கதையில் கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. அவர் துணிந்து உண்மையைப் பேசத் தொடங்கியபோது, பரிசேயர் விடை சொல்ல இயலாமல், நீ பிறப்பிலிருந்தே பாவத்தில் மூழ்கியவன் என்று ஏசி வெளியே தள்ளினார்கள். பிறவி என்ற சொல் அங்கே விளக்கமாக வரவில்லை. வாயை அடைக்கும் கதவாக வந்தது. தள்ளப்பட்டவரைத் தேடிச் சென்று கண்டவர் இயேசு.

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழக்கூடும். மனிதருக்கே மருத்துவம் எட்டாத மலைகளைக் கொண்ட மாவட்டத்தில் நாயின் முழங்காலைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு? இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல், விலங்குகள் இறைவனின் படைப்புகள் என்றும் அவற்றிடம் பரிவு காட்டுவது நம் கடன் என்றும் கற்பிக்கிறது. அதே பகுதியில், மனிதத் துயர் துடைப்பதற்கு முதலில் சேர வேண்டிய பணத்தை விலங்குகள்மீது செலவிடுவது தகாது என்றும் எச்சரிக்கிறது. இரண்டையும் சேர்த்தே நாம் ஏற்க வேண்டும்.

ஆனால் பிறவிக் குறைக்கு முதன்மையான மருந்து பணம் கேட்பதில்லை. குறையுள்ள நாயை இணைசேர்க்காமல் விடுவதே அம்மருந்து. இக்குறைக்கு ஒரு மரபணு மட்டும் காரணமன்று. பல சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன என்று கருதப்படுகிறது. ஆதலால் குறையுள்ள குட்டியின் உடன்பிறந்த நலமான குட்டியும் அதனை மறைவாகக் கொண்டிருக்கக்கூடும். பெற்ற நாய்களின் முழங்கால்களை மருத்துவரிடம் காட்டிவிட்டு இணைசேர்ப்பதும், குறை கண்ட இடத்தில் குட்டி விற்ற வரவை விட்டுக்கொடுப்பதும் தன்னடக்கத்தை மட்டுமே கேட்கின்றன. நாய்களை இனப்பெருக்கி விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், 18 மாதம் நிரம்பாத பெட்டையை இனப்பெருக்கத்துக்கு உட்படுத்தக் கூடாது என்று நடுவண் அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விதி எட்டாத வீட்டு முற்றங்களில் மனச்சான்றுதான் காவல் நிற்க வேண்டும்.

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. குட்டியின் முகத்தை மட்டும் பார்க்காமல் தாய் நாயை நடக்கவிட்டுப் பார்க்கலாம். இன்னும் சிறியதாக, இன்னும் பொம்மை போன்றதாக வேண்டும் என்று நாம் கேட்பதை நிறுத்தினால், அப்படி ஒன்றை உண்டாக்குபவர்களும் நிறுத்துவார்கள். வழுக்கும் தரையில் சாக்கு விரிப்பதும், கட்டிலிலிருந்து குதிக்கவிடாமல் காப்பதும், எடை கூடாமல் உணவைக் குறைப்பதும் எளிய வீட்டாராலும் இயலும்.

அடிபட்ட நாய்க்கும் இவ்வாறே. நாயைக் கண்டால் கல்லைத் தேடும் கையை நம் பிள்ளைகளிடம் வளரவிடாதிருப்பது முதல் மருந்து. அடிபட்டபின் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் கொண்டுசென்றால் வாழ்நாள் முடத்தைத் தவிர்க்க வாய்ப்புண்டு. ஒரு காலத்தில் சென்னை வேப்பேரிக் கல்லூரியையும், 1985-க்குப் பின் நாமக்கல் கல்லூரியையும் நாட வேண்டியிருந்த இப்பகுதி மக்களுக்கு, இன்று சின்னசேலத்தைத் தாண்டியதும் தலைவாசலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொலைவு குறைந்திருக்கிறது. தூக்கிச் செல்லும் மனம் நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

சவுலின் பேரன் மெபிபொசேத்து ஐந்து வயதில், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய செவிலியின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமானவன். தாவீது அவனைத் தேடிக் கண்டபோது, முடம் எப்படி வந்தது என்ற விசாரணையை நடத்தவில்லை. தம் பந்தியில் நாள்தோறும் உண்ண அவனுக்கு இடம் தந்தார். எது பிறவி, எது அடி என்று கேட்பதற்கு உரிய இடம் மருத்துவ மேசை. அங்கே அக்கேள்வியைத் தெளிவாகவும் பொறுமையாகவும் கேட்போம். அங்கிருந்து வீடு திரும்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு, நம் பங்குக்குச் செய்ய வேண்டியதை மட்டும் கையோடு கொண்டு வருவோம்.